தங்கவயலின் காலிச் சாலைகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சாலைகள் தங்கத்தின் பின்னால் போயிருக்கின்றன. பூமிக்கடியில் தங்கப் பாறை வடக்கு தெற்காக ஏறத்தாழ 8 கி.மீ. ஓடுகிறது. அதன் தலைக்கு மேலே, வடக்கிலிருந்து பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் என்று வரிசையாகச் சுரங்கம் வெட்டினார்கள். சுரங்கத்துக்குச் சுரங்கம் தொழிலாளர்களின் லைன் வீடுகள் எழுந்தன. லைனிலிருந்து சுரங்கக்குழியான சாஃப்டுக்கு, சாஃப்டிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாலை விழுந்தது. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் நிர்வாகத்தில் உருவாகத் தொடங்கிய இந்த வரைபடம் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஊர்ச் சாலைகள் சந்தையையும் கோயிலையும் குளத்தையும் சுற்றிப் பிறக்கும். இவை ஷிப்டுக்காகப் பிறந்தவை. ஷிப்டு 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றது. சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அன்று மூடப்பட்டது.

அதனால்தான் முற்பகல் பதினோரு மணிக்கு நந்திதுர்க் பக்கமிருந்து தெற்கே சைக்கிளை மிதிக்கிறவருக்கு ஒரு விசித்திரமான வசதி கிடைக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரம் என்பதால் சென்னைப் புழுக்கம் இல்லை. ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் இறங்கித் தள்ளுமளவுக்கு இல்லை. தைலமரமும் உண்ணிச்செடியும் கூரை இழந்த பங்களாச் சுவர்களும் கடந்துபோகின்றன. பின்னால் ஹாரன் கேட்காத சாலையில் சைக்கிளின் ஒலிகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்: ஃப்ரீவீலின் கிர்ரென்ற சத்தம், மட்கார்டில் உரசும் ஒரு ஸ்போக், எண்ணெய் காணாத செயின். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் இதெல்லாம் அமுங்கிப்போகும். அங்கே ஆட்டோவும் டூவீலரும் மற்ற ஊர்களைப் போலத்தான். அமைதி சுரங்கப் பகுதியில் மட்டும்.

பெங்களூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் விலையுயர்ந்த சைக்கிள்களோடு ஏறுகிற நந்தி வேறு. அது சிக்கபள்ளாபுரம் மாவட்டத்தில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோட்டை மலை. சுரங்கக் கம்பெனி அதன் பெயரை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டது, அவ்வளவுதான் உறவு. ஆனால், கார்களுக்கும் பைக்குகளுக்கும் இடையே மூச்சு வாங்க அந்த நந்தியில் ஏறுகிறவர்கள் தேடும் சாலை, இந்த நந்தியில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இப்படிப்பட்ட சாலைக்கு உலகப் புகழ் பெற்ற இடம் பிரான்ஸ் நாட்டுப்புறம். மோட்டார் வண்டி கண்ணில் படாமல் மணிக்கணக்கில் சைக்கிள் விடலாம், தாரும் ஒழுங்காக இருக்கும் என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்லி மாளாது. காரணம் கேட்டால், பிரெஞ்சுக்காரர்களுக்குச் சைக்கிள் என்றால் உயிர், டூர் த பிரான்ஸ் நடத்துகிற நாடல்லவா என்பார்கள். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. சைக்கிளை நேசிப்பதால் ஒரு நாட்டில் சைக்கிள் பெருகலாம். கார் எப்படிக் குறையும்?

விடை 1836-இல் இருக்கிறது. அந்த ஆண்டு மே 21-இல் வந்த சட்டம், ஒவ்வொரு கிராமமும் தன் எல்லைக்குள் இருக்கும் ஊர்ச் சாலைகளைப் பராமரித்தே ஆக வேண்டும் என்றது. பணம் இல்லாவிட்டால் உடலுழைப்பு: ஆண்டுக்கு மூன்று நாள் வரை ஊரார் சாலை வேலை செய்ய வேண்டும். நம் குடிமராமத்து ஏரிக்குச் செய்ததை அங்கே சாலைக்குச் செய்தார்கள். அப்போது பிரெஞ்சுக் கிராமங்கள் மக்களால் நிரம்பி வழிந்தன. ஒவ்வொரு பண்ணைக்கும், ஒவ்வொரு மாவு ஆலைக்கும் வழி போட்டார்கள். விளைவு, இன்று பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சாலை வலை. அதில் பெரும் பங்கு, ஏறத்தாழ 35,000 கிராம, நகர நிர்வாகங்களின் பொறுப்பிலும் மாவட்டங்களின் பொறுப்பிலும் இருக்கிற சிறு சாலைகள்தான்.

பிறகு மக்கள் போய்விட்டார்கள். பட்டணத்து ஆலைகள் இழுத்தன. முதல் உலகப் போர் ஓர் இளம் தலைமுறையைத் தின்றது. டிராக்டர் வந்து கூலியாளை அனுப்பியது. 1931 கணக்கெடுப்பில் பட்டணத்து மக்கள்தொகை நாட்டுப்புறத்தை முந்தியது. பின்னர் வந்த விரைவுச் சாலைகள் தொலைதூர வண்டிகளையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. நாட்டின் நடுவிலுள்ள க்ரூஸ் மாவட்டத்தில் 1851-இல் சுமார் 2,87,000 பேர் இருந்தார்கள். இப்போது 1,15,000 அளவில்தான் இருக்கிறார்கள். மூன்று பங்கு மக்களுக்குப் போட்ட சாலையில் ஒரு பங்கை விடச் சற்று அதிகமானவர்கள் போய்வருகிறார்கள். சைக்கிள்காரருக்குக் கிடைப்பது அந்த இடைவெளி. சுற்றுலாப் பிரசுரங்கள் இயற்கையின் கொடை என்று எழுதுவது உண்மையில் குடிபெயர்ச்சியின் மிச்சம்.

க்ரூஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து தங்கவயலுக்கு நேர்வழி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த மாவட்டத்து ஆண்கள் கொத்து வேலைக்குப் பேர்போனவர்கள். வசந்தம் வந்ததும் கூட்டங்கூட்டமாகப் பாரிசுக்குக் கால்நடையாகக் கிளம்புவார்கள். குளிர்காலத்தில் ஊர் திரும்புவார்கள். நெப்போலியன் மூன்றாமன் காலத்தில் ஓஸ்மான் பாரிசை இடித்துக் கட்டியபோது கல் அடுக்கிய கைகளில் க்ரூஸ்காரர்களின் கை நிறைய. அவர்களில் ஒருவரான மார்த்தேன் நதோ, கொத்தனாராகத் தொடங்கி நாடாளுமன்ற உறுப்பினராகி, அந்த வாழ்க்கையை நூலாகவும் எழுதினார். நாளடைவில் குளிர்காலத்திலும் திரும்பாமல் பாரிசிலேயே தங்கிவிட்டவர்கள் பெருகினார்கள்.

தங்கவயலில் அந்த இரண்டாம் கட்டம், அதாவது திரும்பாமலே தங்கிவிடுவது, இன்னும் முழுதாக நடக்கவில்லை. சுரங்கம் மூடினால் ஊர் பேயூராகும் என்று எழுதியவர்கள் பலர். 2011 கணக்கெடுப்பிலோ தங்கவயலை உள்ளடக்கிய ராபர்ட்சன்பேட்டை நகராட்சியின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தலித் குடும்பங்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை இங்கேயே இருக்கிறது. திரும்பிப் போக அவர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று மிச்சமில்லை. மொழி தமிழ், மாநிலம் கர்நாடகம், வேலை பெங்களூர். பொழுது புலரும் முன்பே மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை அள்ளிக்கொண்டு சுமார் 100 கி.மீ. தூரத்திலுள்ள பெங்களூருக்குப் போகிறது. கட்டட வேலை, கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, சாஃப்ட்வேர் என எல்லாப் படியிலும் ஆட்கள் அதில் உண்டு. இரவில்தான் திரும்புகிறார்கள். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 16 கி.மீ. நீளும் அந்தக் கிளைப் பாதை, 1894-இல் சுரங்கத்துக்கு இயந்திரமும் ஆட்களும் கொண்டுவரப் போட்டது. இப்போது ஆட்களை வெளியே கொண்டுபோகிறது. க்ரூஸ்காரர் பருவத்துக்கு ஒருமுறை கிளம்பினார். தங்கவயல்காரர் தினம் கிளம்புகிறார். ஊர் நிறைந்தே இருக்கிறது, பகல்தான் காலியாகிறது. நந்திதுர்க் சாலையின் முற்பகல் அமைதிக்கு விலை கொடுப்பவர்கள் அந்த ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள்.

பிரான்சில் சுற்றுலாவுக்காகச் சைக்கிள் மிதிப்பது என்ற எண்ணமே ஒரு சுரங்க ஊரில் வளர்ந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தச் சேந்த்-எத்தியென் நிலக்கரி ஊர், கூடவே துப்பாக்கித் தொழிலும் ரிப்பன் நெசவும் உண்டு. துப்பாக்கிக் குழாய் கடைந்த பட்டறைகளுக்குச் சைக்கிள் சட்டம் பெரிய வேலையில்லை. 1880-களில் தொடங்கி பிரெஞ்சுச் சைக்கிள் தொழிலின் தலைநகராக அது மாறியது. அங்கே பட்டு வியாபாரத்தில் இருந்த பால் த விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர், 1887-இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். பந்தயத்தில் அவருக்கு நாட்டமில்லை. மலையேறிப் பழங்கள் சாப்பிட்டு, ஆறு பார்த்து, ஊர் பார்த்துத் திரும்புவதற்குத்தான் சைக்கிள் என்றார். அதற்காகவே கியர் மாற்றும் அமைப்புகளைத் தானே பரிசோதித்தார். பந்தய உலகம் அதைப் பெண்களுக்கும் கிழவர்களுக்குமான சொகுசு என்று கேலி செய்தது. டூர் த பிரான்ஸில் கியர் மாற்றிக்கு 1937 வரை அனுமதியில்லை. அவர் 1930-லேயே, சேந்த்-எத்தியென் தெருவில் டிராம் மோதி, இறந்திருந்தார். கரிப்புகை மூடிய ஊரிலிருந்து 1,161 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏறிப்போய் நல்ல காற்றைச் சுவாசித்த அந்தப் பழக்கத்தில்தான் பிரெஞ்சுச் சைக்கிள் சுற்றுலாவின் தொடக்கம் இருக்கிறது. சுரங்க ஊரில் வாழ்கிறவனுக்கு நல்ல காற்றின் அருமை சொல்லித்தர வேண்டியதில்லை.

வடக்கு பிரான்சின் நிலக்கரிப் படுகைக்கு இன்னும் நெருக்கமான கதை உண்டு. பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் அரன்பெர்க் காட்டுக்குள் கருங்கல் பாவிய ஒரு பாதை வரும். பந்தயக்காரர்கள் அதைக் கண்டு நடுங்குவார்கள். அதை 1968-இல் பந்தயத்துக்குள் கொண்டுவரச் சொன்னவர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி, முன்னாள் உலக சாம்பியன். அதற்கும் முன்னால் அவர் சுரங்கத் தொழிலாளி. அதே பாதைக்குக் கீழே, அதே அரன்பெர்க் சுரங்கத்தில் கரி வெட்டியவர். மேலே சைக்கிள் ஓட்டியும் கீழே வேலை செய்தும் இருந்தவர் பந்தயக்காரர்களில் அவர் ஒருவர்தான் என்பார்கள். தங்கவயலில் இப்படிச் சொல்லிக்கொள்ளத்தக்கவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சாம்பியன் ரீஃபில் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கி வேலை செய்துவிட்டு, மேலே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, அதே பாறையின் மேல் போட்ட சாலையில் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

அந்த வடபிரெஞ்சுப் படுகையில் கடைசிக் கரிச்சுரங்கம் 1990-இல் மூடியது. சுரங்கங்களை இணைத்த கரி ரயில் பாதைகளின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பல இடங்களில் நடையும் சைக்கிளும் போகும் வழிகளாக்கினார்கள். கழிவு மேடுகளில் மரம் வைத்தார்கள், பறவை பார்க்கப் படி வைத்தார்கள். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் படுகையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வேறொரு பக்கம், புர்கோஞ் பகுதியில் கிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையை 1990-களிலேயே சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். நாடெங்கும் வந்த 'பச்சை வழி'களுக்கு அது முன்னோடி. காலிச் சாலை தானாக விளைந்தது. அதை அப்படியே காப்பாற்றியது சட்டமும் செலவும். ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. 2018 ஜூலையில், நடுவில் தடுப்பில்லாத சிறு சாலைகளின் வேக வரம்பை 90-லிருந்து 80 ஆகக் குறைத்தார்கள்; நாட்டுப்புறத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பி, பிறகு பல மாவட்டங்கள் பழைய வேகத்துக்கே திரும்பின. சைக்கிள் சொர்க்கத்திலும் கார்காரர் ஓட்டு ஓட்டுதான்.

நம்மிடம் சைக்கிள் வந்த வழி வேறு. பிரான்சில் அது முதலில் பணக்காரர் பொழுதுபோக்கு. 1893-இல் அதற்கு ஆண்டு வரியே போட்டார்கள், 1958 வரை அது இருந்தது. இங்கேயும் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை கொடுத்து வசூலித்தன. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்தது. ஆனால் 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டு ஹெர்குலிஸ் வண்டிகள் வரத்தொடங்கிய காலத்திலிருந்து, தென்னிந்தியத் தொழிலாளிக்குச் சைக்கிள் என்பது வேலைக்குப் போகும் கால். கேரியரில் டிபன் கேரியர், பாரில் பிள்ளை, பின்னால் மனைவி. நம் பிள்ளைகள் குரங்கு பெடல் போட்டுப் பழகியது அப்பா ஷிப்டு முடிந்து தூங்கும் நேரத்தில், அப்பாவுடைய வண்டியில். ஆள் நடமாட்டம் குறைந்த சாலை அதற்குத்தான் முதலில் தேவைப்பட்டது. விழுந்தால் பார்த்துச் சிரிக்க ஆளிருக்கக் கூடாது.

இந்த இடத்தில் பிரெஞ்சு ஒப்பீடு கொஞ்சம் நொண்டுகிறது. அங்கே காலிச் சாலையை அனுபவிப்பவர் பெரும்பாலும் விடுமுறையில் வந்தவர். இங்கே அதே சாலையில் போக வேண்டியவள் பள்ளிக்கூடப் பெண். கர்நாடக அரசு 2006–07-இலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் பழகியது உலகம் அறிந்த செய்தி. இந்தப் பள்ளிக்கூடப் பெண்களில் ஒருத்தியை, இடிந்த பங்களாக்களும் புதரும் இருபக்கமும் உள்ள, தெருவிளக்கு எரியாத சாலையில் மாலை ஆறரைக்கு நிறுத்திக் கேட்டால், அமைதி என்ற சொல் அவள் வாயில் வராது. வண்டிகள் இல்லாத சாலை வேறு, ஆட்கள் இல்லாத சாலை வேறு. பிரெஞ்சுச் சிறு சாலையில் கார் குறைவு. ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வீடு, ஜன்னலில் ஒரு கிழவி. லைன் வீடுகள் உள்ள இடங்களில் நந்திதுர்க்கிலும் அப்படித்தான், திண்ணையில் கண் இருக்கும். லைன் முடிந்து பழைய மில் பக்கம் போனால்தான் பயம். சைக்கிள் பாதை திட்டமிடும் எவரும் கணக்கெடுக்க வேண்டியது வண்டிகளை மட்டுமல்ல, திண்ணைகளையும்.

சாலையை ஒட்டி எழும்பி நிற்கும் கழிவு மேடுகளை ஊரில் சயனைடு மேடு என்கிறார்கள். தங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் அது: 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பல் நிறக் குன்று. கிட்டே போனால் நைசான பொடி, மழை அறுத்த ஓடைகள் மேலிருந்து கீழ் வரை. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அந்தப் பொடி எழும்பிச் சாலையின் குறுக்கே மெல்லிய விரிப்பாகப் படியும். மெலிந்த டயர் அதில் வழுக்கும், கண் எரியும், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். சுரங்கத்துக்குள் சிலிக்கா தூசியைச் சுவாசித்து நுரையீரல் போனவர்களின் பிள்ளைகள் மேலே இந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். வெலோசியோ ஏறிப்போன கணவாயின் காற்று இங்கே இல்லை.

சத்தமும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. ஆழம் கூடக் கூட, அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவது தங்கவயலின் நிரந்தர அச்சமாக இருந்தது. மேலே வீடுகள் அதிரும். அதிர்ந்ததும் பெண்கள் சாஃப்டை நோக்கி ஓடுவார்கள். அதை ஆராயவே அதிர்வுமானிகள் வைத்தார்கள், 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் இங்கே தொடங்கப்பட்டது. மூடிய பிறகு இறைப்பான்கள் நின்றன, சுரங்கத்தில் நீர் ஏறியது. அப்போதும் சிறு அதிர்வுகள் பதிவாயின. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சாலையில் போனால், காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் நிரம்பிய இருட்டுச் சாலை வலை இன்னொன்று இருப்பது நினைவிலிருந்து அகலாது.

இப்போது இரண்டு புதிய விஷயங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, பெங்களூர்–சென்னை விரைவுச் சாலை. அதன் கர்நாடகப் பகுதி, ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை சுமார் 70 கி.மீ., 2024 இறுதியில் வண்டிகளுக்குத் திறந்தது. பிரான்சில் விரைவுச் சாலை செய்த வேலையை இது இங்கேயும் செய்யக்கூடும். தொலைதூர வண்டிகள் அங்கே போனால் பங்காருப்பேட்டை, பேத்தமங்கலச் சிறு சாலைகள் இலேசாகும். ஆனால் விரைவுச் சாலைக்கு ஏறி இறங்கும் இடம் எங்கே இருக்கிறதோ, அங்கே சுற்றுவட்டாரக் கார்களெல்லாம் வந்து சேரும். பேத்தமங்கலம் சாலைக்கு நல்லதா கெட்டதா என்பதை அந்த ஏறி இறங்கும் இடம்தான் தீர்மானிக்கும்.

இன்னொன்று பெரிது. 13 சயனைடு மேடுகளிலும் மிச்சத் தங்கத்தை எடுக்க ஒன்றிய அரசு முன்வைத்த திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. நிலம் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். வேலை வரும் என்றால் தங்கவயலில் யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. காலையில் ரயிலில் நிற்கும் மனிதருக்குச் சாலையின் அமைதியைக் காட்டி நூறு கிலோமீட்டர் தள்ளியே வேலை செய் என்று உபதேசிக்க எந்தச் சைக்கிள்காரருக்கும் உரிமை கிடையாது. ஆனால் 3.3 கோடி டன் மண் இடம் மாற வேண்டுமென்றால் அது எதன் வழியாகப் போகும் என்ற கேள்வி இருக்கிறது. பத்து டன் டிப்பர் என்று வைத்தால் 33 லட்சம் நடை. அது மேடுகளை ஒட்டிய இன்றைய சாலையிலேயே ஓடினால் நந்திதுர்க்கிலிருந்து மாரிக்குப்பம் வரை சைக்கிள் என்ற பேச்சுக்கே இடமில்லை, பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் இல்லை. மேடுகள் பெரும்பாலும் பாரத் கோல்டு மைன்ஸின் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. வேலிக்குள்ளேயே தனி மண்வழி போட்டு, தண்ணீர் தெளித்து, டிப்பர்களை அங்கேயே ஓட்ட முடியும். குழாயில் கூழாக அனுப்பவும் முடியும், மில் ஓடிய காலத்தில் இந்த மண்ணே கூழாகத்தான் வெளியே வந்தது. எந்த வழி என்பதை டெண்டர் நிபந்தனையில் எழுதினால்தான் உண்டு. எழுதும்போது நகராட்சியையும் லைன் மக்களையும் கேட்டார்களா என்பதைத்தான் இப்போதிலிருந்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.